கடல் நடுவே நாடுகள் – 14: எல்லாருக்கும் காட்டாத அருங்காட்சியகம்

1985இல் வனுவாட்டு அரசு வெளிநாட்டு ஆய்வாளர்களுக்குக் கதவைச் சாத்தியது. மானுடவியல், தொல்லியல் என்று எந்தப் பெயரைச் சொல்லிக்கொண்டு வந்தாலும் அனுமதி கிடையாது. சுதந்திரம் பெற்று ஐந்தே ஆண்டுகள் ஆன நாடு அது. ஆஸ்திரேலியாவுக்குக் கிழக்கே, எண்பதுக்கும் மேற்பட்ட தீவுகளாகச் சிதறிக் கிடக்கும் சின்னக் குடியரசு. ஒன்பது ஆண்டுகள் அந்தக் கதவு திறக்கவில்லை. 1994இல் திறந்தபோது வாசலில் புதிய நிபந்தனைகள் காத்திருந்தன. அவற்றை இன்றும் கையில் வைத்திருப்பது காவல்துறையோ பல்கலைக்கழகமோ அல்ல, தலைநகர் போர்ட் விலாவில் இருக்கும் அருங்காட்சியகம்.

அருங்காட்சியகம் என்பது அதன் ஒரு பகுதிதான். முழுப்பெயர் வனுவாட்டு கலாசார மையம். நூலகம், ஒலி–ஒளிப் பதிவகம், தொல்லியல் பிரிவு எல்லாம் அதற்குள் அடக்கம். பழைய பொருள்களைக் கண்ணாடிப் பெட்டியில் அடுக்கிவைக்கும் நிறுவனத்துக்கு, யார் நாட்டுக்குள் வந்து எதை ஆராயலாம் என்று சொல்லும் அதிகாரம் எப்படி வந்தது?

சென்ற இதழில் பார்த்த இரட்டை ஆட்சிக் காலத்துக்குக் கொஞ்சம் திரும்ப வேண்டும். 1906 முதல் பிரிட்டனும் பிரான்சும் ‘நியூ ஹெப்ரிடீஸ்’ என்ற பெயரில் இந்தத் தீவுகளைக் கூட்டாக ஆண்டன. இரண்டு காவல் படை, இரண்டு பள்ளி முறை, இரண்டு சட்டம். கூட்டு நீதிமன்றத்துக்குத் தலைவராக ஸ்பெயின் மன்னர் ஆள் அனுப்பினார். முதலில் வந்தவருக்குக் காது சரியாகக் கேட்காது என்பது அங்கே பலகாலம் ஓடிய கேலி. இந்த விநோத ஆட்சிக்கு ஐம்பது ஆண்டு நிறைவதைக் கொண்டாடத்தான் 1950களின் நடுவில் கலாசார மையம் என்ற யோசனையே பிறந்தது. தீவு மக்கள் கேட்டு வந்ததல்ல. ஆண்டவர்கள் தங்களுக்குத் தாங்களே எடுத்துக்கொண்ட பொன்விழாவின் நினைவுப் பொருள் என்றுதான் அதைச் சொல்ல வேண்டும்.

அதற்குள் தீவுகளிலிருந்து போக வேண்டியவை பெரும்பாலும் போய்விட்டிருந்தன. பாசெல் நகரத்து ஃபெலிக்ஸ் ஸ்பைசர் 1910 முதல் 1912 வரை தீவு தீவாக அலைந்து முகமூடிகளும் சிலைகளும் பாய்களும் சேகரித்தார். அவை சுவிட்சர்லாந்து போய்ச் சேர்ந்தன. 1914இல் கேம்பிரிட்ஜிலிருந்து ஜான் லேயர்ட் என்ற இளைஞர் வந்தார். அழைத்து வந்தவர் டபிள்யூ. எச். ஆர். ரிவர்ஸ். நீலகிரித் தோடர்களைப் பற்றி 1906இல் பெரிய நூல் எழுதிய அதே ரிவர்ஸ்தான். மலக்குலா தீவை ஒட்டிய ஆட்சின் என்ற குட்டித் தீவில் சீடரை விட்டுவிட்டு, குரு சில நாளிலேயே கிளம்பிவிட்டார். லேயர்ட் ஓராண்டு தங்கி, ஊர்க்காரர்களின் பேச்சைக் கற்று, சடங்குகளைப் பார்த்து, கண்ணாடித் தகடுகளில் படம் பிடித்துக்கொண்டு போனார்.

1926இல் வந்த இன்னொரு கேம்பிரிட்ஜ் இளைஞரின் கதை சோகமானது. பெர்னார்ட் டீக்கன் மலக்குலாவின் தென்மேற்கில் வேலை பார்த்தார். வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்த நோய்களால் ஊர்கள் காலியாகிக்கொண்டிருந்த காலம் அது. கேட்டு எழுத வேண்டிய கிழவர் அடுத்த முறை போகும்போது இருக்கமாட்டார். 1927 மார்ச்சில், ஊர் திரும்பக் கப்பலேறும் தறுவாயில், கருநீர்க் காய்ச்சல் கண்டு டீக்கனே இறந்துபோனார். வயது 24. அவருடைய குறிப்புகளை மானுடவியலாளர் கமிலா வெட்ஜ்வுட் தொகுத்து 1934இல் நூலாக்கினார். மலக்குலா மக்களை ‘மறைந்துவரும் மக்கள்’ என்று அந்த நூலின் தலைப்பே சொன்னது.

அவர்கள் மறையவில்லை. நூல் லண்டனில் இருந்தது, மக்கள் மலக்குலாவில் இருந்தார்கள் என்பதுதான் உண்மை நிலவரம்.

மாற்றம் 1970களில் தொடங்கியது. 1976இல் பீட்டர் குரோ என்ற இசை ஆய்வாளர் வாய்மொழி மரபுத் திட்டம் ஒன்றைத் தொடங்கினார். பாட்டையும் கதையையும் தானே பதிவுசெய்துகொண்டு போகாமல், அம்பே, மாவோ தீவுக்காரர்களிடம் டேப் ரெக்கார்டரைக் கொடுத்து இயக்கக் கற்றுக்கொடுத்தார். அடுத்த ஆண்டு மையத்தின் காப்பாளராக வந்த கிர்க் ஹஃப்மன் அந்த விதையை எடுத்து வளர்த்தார். 1989 வரை அவர்தான் பொறுப்பு. ஆஸ்திரேலிய மொழியியலாளர் டாரெல் ட்ரையன் 1981 முதல் ஆண்டுதோறும் பயிற்சிப் பட்டறை நடத்தினார். இப்படி உருவானதுதான், நாட்டின் பொதுமொழியான பிஸ்லாமாவில் ‘ஃபீல்வோக்கா’ எனப்படும் களப்பணியாளர் படை.

இந்தப் படைக்குச் சம்பளம் கிடையாது. சேனையும் சேம்பும் பயிரிடும் விவசாயிகள், தங்கள் ஊரின் சம்மதத்தோடு, தங்கள் ஊர் வழக்கங்களைத் தாங்களே பதிவு செய்கிறார்கள். தங்கள் மொழிக்கு அகராதி சேர்க்கிறார்கள். மூன்று லட்சத்தைச் சுற்றிய மக்கள்தொகைக்கு நூறுக்கும் மேற்பட்ட மொழிகள் உள்ள நாடு. தலைக்கு இத்தனை மொழி என்று கணக்குப் போட்டால் உலகில் இதற்குத்தான் முதலிடம். எந்த வெளிநாட்டு நிபுணராலும் இத்தனை மொழிகளைக் கற்றுக்கொண்டு வேலை பார்க்க முடியாது. ஆண்டுக்கு ஒருமுறை எல்லாரும் போர்ட் விலாவில் கூடுவார்கள். முன்கூட்டியே ஒரு தலைப்பு முடிவாகியிருக்கும்: உறவுமுறை, சமையல், கல்யாணம், பன்றி வளர்ப்பு என்று ஏதோ ஒன்று. ஒவ்வொருவரும் எழுந்து தன் ஊரில் அது எப்படி என்று சொல்வார். எல்லாம் பதிவாகும். பிறகு விவாதம். பன்றியைப் பற்றிய பட்டறையின் பேச்சுகள் 1992இல் பிஸ்லாமா நூலாகவே வந்தன.

பன்றிக்கு இவ்வளவா என்று நினைக்க வேண்டாம். மேல்தாடைக் கோரைப்பல்லைப் பிடுங்கிவிட்டால் கீழ்ப்பல் தடையில்லாமல் வளைந்து வளரும்; பல ஆண்டு பொறுத்தால் முழு வட்டமாகும். அந்தத் தந்தம் வனுவாட்டுக் கொடியிலேயே இருக்கிறது. வட தீவுகளில் ஒருவர் சமூகத்தில் படிப்படியாக மேலேற, தந்தம் வளைந்த பன்றிகளைக் கொன்றும் கொடுத்தும்தான் ஆக வேண்டும். ஒரு பாட்டைப் பாடும் உரிமை, ஒரு சிலையை இன்ன வடிவில் செதுக்கும் உரிமை எல்லாவற்றுக்கும் உடையவர் இருப்பார். பன்றி கொடுத்து வாங்க வேண்டும். பதிப்புரிமைச் சட்டம் நமக்கெல்லாம் காகிதத்தில் வந்தது. இவர்களுக்குத் தொழுவத்தில் வளர்ந்தது.

இதை மனத்தில் வைத்துக்கொண்டால்தான் மையத்தின் உள்ளே இருக்கும் ‘தாபு’ அறை புரியும். களப்பணியாளர் கொண்டுவரும் ஒலிநாடாக்களும் படச்சுருள்களும் அங்கே பாதுகாக்கப்படுகின்றன. பதிவைக் கொடுப்பவர் யார் கேட்கலாம் என்றும் சொல்லிக் கொடுப்பார். ஒன்றை அந்தக் குடும்பத்து ஆண்கள் மட்டும் கேட்கலாம். இன்னொன்றைப் பெண்கள் மட்டும். வேறொன்றைக் குறிப்பிட்ட படிநிலை எட்டியவர்கள் மட்டும். பதவி பெரியது என்பதற்காகக் கேட்கும் உரிமை வந்துவிடாது. சேகரித்ததை எல்லாருக்கும் திறந்து காட்டுவதுதான் அருங்காட்சியகத்தின் வேலை என்று ஐரோப்பா இருநூறு ஆண்டாகச் சொல்லிவந்தது. வனுவாட்டு அதைத் தலைகீழாக்கியது. ஆனால் அந்தப் பூட்டு இருப்பதால்தான் பெரியவர்கள் வாய் திறந்தார்கள். சொன்னால் ஊரெல்லாம் போய்விடும் என்ற பயம் இருந்திருந்தால் பாதிக்கு மேல் அவர்களோடேயே மண்ணுக்குள் போயிருக்கும்.

இதில் சிக்கல் இல்லாமலில்லை. ஒலிநாடா காலத்தில் மங்கும். புதிய வடிவுக்கு மாற்றுவதென்றால் யாராவது கேட்டுத்தானே ஆக வேண்டும்? உரிமையுள்ள குடும்பத்தில் ஆள் இல்லாமல் போனால் அந்தப் பதிவு யாருடையது? ஆண்களின் இரகசியம், பெண்களின் இரகசியம் என்று பிரித்தே காப்பது பழைய வேலிகளை அப்படியே நிலைநிறுத்துவதாகாதா? இந்தக் கேள்விகளுக்கு ஒரே விடை இருக்க முடியாது. விடையைத் தேட வேண்டியவர்கள் தீவுக்காரர்களே என்பது மட்டும்தான் அங்கே முடிவாகிவிட்ட விஷயம்.

வேலி என்றதும் பெண்களைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். முதல் பதினைந்து ஆண்டுகள் களப்பணியாளர் எல்லாருமே ஆண்கள். மரபு என்றாலே தலைவர்கள், பன்றிகள், முகமூடிகள் என்றுதான் பேச்சு இருந்தது. 1990களின் தொடக்கத்தில் அம்பே தீவைச் சேர்ந்த ஜீன் தாரிசேசெயும் ஆஸ்திரேலியாவின் லிஸன்ட் போல்டனும் அம்பேயில் பெண்கள் பின்னும் தாழம்பாய்களை ஆராயத் தொடங்கினார்கள். சிவப்புச் சாயத்தில் உருவங்கள் பதித்த அந்தப் பாய்களுக்குத் தனித்தனி வகைப் பெயர் உண்டு. கல்யாணத்திலும் சாவிலும் கைமாறுவது அவைதான். அம்பே பெண்களுக்கே தங்கள் பாய் ‘மரபு’ என்ற பட்டியலில் சேரும் என்று பிறர் சொன்னது புதிதாக இருந்தது. 1994இல் பெண் களப்பணியாளர்களுக்கு முதல் பட்டறை நடந்தது. இன்று இரு தரப்பும் சேர்த்து நூறு பேருக்கும் மேல். கூட்டங்கள் மட்டும் தனித்தனி.

வாய்மொழியை நம்பி ஒரு தேசிய நிறுவனமா என்று முகம் சுளித்தவர்களுக்கு முன்பே ஒரு பதில் கிடைத்திருந்தது. எஃபாட்டே தீவில் ரோய் மாட்டா என்ற பெருந்தலைவரைப் பற்றி மக்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவந்தார்கள். ஓயாமல் சண்டையிட்ட குலங்களை விருந்துக்கு அழைத்து, ஒவ்வொருவரும் கொண்டுவந்த உணவின் பெயராலேயே தாய்வழிக் குலங்களாகப் பிரித்துச் சமாதானம் செய்துவைத்தவர். சேனை கொண்டுவந்தவன் சேனைக் குலம், சாக்குக்கணவாய் கொண்டுவந்தவன் அந்தக் குலம். ஒரே குலப்பெயர் உள்ளவர்கள் எந்த ஊரில் இருந்தாலும் ஒருவரையொருவர் வெட்டிக்கொள்ளக் கூடாது. லெலெப்பா தீவின் குகையில் அவர் இறந்தார் என்றும், ஆர்ட்டோக் என்ற சிறு தீவில் புதைத்தார்கள் என்றும், கூடவே பலர் உயிரோடு புதைக்கப்பட்டார்கள் என்றும் கதை. அதன்பின் ஆர்ட்டோக்கில் யாரும் குடியேறவில்லை.

1967இல் பிரெஞ்சுத் தொல்லியலாளர் ஜோசே கராஞ்ஜே, மக்கள் காட்டிய இடத்தில் தோண்டினார். நடுவில் ஓர் ஆண். அவரைச் சுற்றி ஏறத்தாழ ஐம்பது பேர். சிப்பி மணிகளும் பன்றித் தந்தக் காப்புகளும் கிடந்தன. ஆணும் பெண்ணுமாக இணை இணையாகப் பலர், சில பெண்கள் பக்கத்தில் இருந்தவரைப் பற்றிக்கொண்ட நிலையில். எழுத்தே இல்லாத சமூகம் நூற்றாண்டுகளாக வாயிலேயே வைத்திருந்த விவரம் மண்ணுக்கடியில் அப்படியே இருந்தது. முதலில் 13ஆம் நூற்றாண்டு என்று கணித்தார்கள். பிந்தைய ஆய்வுகள் 1600ஐ ஒட்டிய காலம் என்கின்றன. ரோய் மாட்டா வாழ்ந்த, இறந்த, புதைந்த மூன்று இடங்களும் 2008இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாயின. வனுவாட்டுக்கு அதுவே முதல் சின்னம்.

1994க்கு வருவோம். வெளிநாட்டு ஆய்வாளர் வரலாம். ஆனால் ஊரின் ஒப்புதல் வேண்டும். களப்பணியாளரோடு சேர்ந்து வேலை பார்க்க வேண்டும். பதிவுகளின் படியை மையத்தில் ஒப்படைக்க வேண்டும். ஆய்வேடு எழுதிப் பட்டம் வாங்கினால் போதாது, ஊருக்குப் பயன்படும் ஒன்றை, பள்ளிப் பாடநூலோ கதைத் தொகுப்போ, செய்துகொடுக்க வேண்டும். இன்று பல நாடுகளின் பூர்வகுடி அமைப்புகள் கேட்பதும் ஏறக்குறைய இதைத்தான். வனுவாட்டு சற்று முந்திக்கொண்டது.

அடுத்த ஆண்டு, 1995இல், நாடாளுமன்றத்துக்கு எதிரே மையத்துக்குப் புதுக் கட்டடம் எழுந்தது. அதே ஆண்டு ரால்ஃப் ரெகென்வானு இயக்குநரானார். மலக்குலா வம்சாவளி, ஆஸ்திரேலியாவில் படித்தவர், இருபதுகளின் நடுவில் வயது. 1996இல் ஐரோப்பிய அருங்காட்சியகங்களிலிருந்து பழைய சிலைகளும் முகமூடிகளும் கண்காட்சிக்காகப் போர்ட் விலா வந்தன. ஸ்பைசர் கொண்டுபோனவையும் அவற்றில் உண்டு. கொள்ளுப்பேரன்கள் தாத்தாக்களின் கைவேலையை முதன்முறையாக நேரில் பார்த்தார்கள். காட்சி முடிந்ததும் பொருள்கள் திரும்பப் போய்விட்டன என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். லேயர்டின் படங்களின் நகல்கள் மட்டும் பின்னாளில் மலக்குலாவுக்கே வந்தன. ஊர்க்காரர்கள் படத்தில் இருந்தவர்களைப் பெயர் சொல்லி அடையாளம் காட்டினார்கள்.

தமிழ் வாசகர் அந்தக் கூடத்துக்குள் போனால் ஓர் இடத்தில் கால் நின்றுவிடும். தரையில் மணலைப் பரப்பி, ஒருவர் விரலால் கட்டம் போடுவார். பிறகு விரலை எடுக்காமல் ஒரே இழையாக வளைத்து வளைத்துக் கோடிழுப்பார். தொடங்கிய இடத்திலேயே கோடு வந்து முடியும்போது ஓர் ஆமையோ பூவோ இலையோ தெரியும். சிக்குக் கோலம் போட்டுப் பழகியவர்கள் அடுத்த வளைவு எங்கே போகும் என்று ஊகித்துக்கொண்டே பார்க்கலாம். டீக்கன் மலக்குலாவிலும் பக்கத்துத் தீவுகளிலும் இப்படி ஏறக்குறைய நூறு வடிவங்களை வரைந்து வைத்திருந்தார். அங்கே ஒரு நம்பிக்கை: செத்தவர் பிதிரர் உலகம் போகும் வழியில் தெமெஸ் சவ்சப் என்ற பெண் ஆவி உட்கார்ந்திருக்கும். தன் எதிரே மணலில் ஒரு வடிவத்தை வரைந்து, பாதியை அழித்துவிடும். மீதியைச் சரியாக முடித்தால் வழி கிடைக்கும். தெரியாதவனைத் தின்றுவிடும். வாழும்போதே வரையக் கற்றுக்கொள்ள இதைவிட வலுவான காரணம் வேண்டுமா?

இந்த ஒற்றுமை ஜான் லேயர்டின் கண்ணிலும் பட்டது. மலக்குலாவின் புதிர்வழிச் சடங்குகளைப் பற்றி 1936இல் எழுதியவர், அடுத்த ஆண்டே தென்னிந்திய வாசற்கோலங்களையும் பச்சைக்குத்து வடிவங்களையும் பற்றி நீண்ட கட்டுரை வெளியிட்டார். இரண்டுக்கும் பொதுவான ஒரு மூலம் இருக்க வேண்டும் என்ற திசையில் அவர் சிந்தனை ஓடியது. இன்று அந்த வாதத்தை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. வெவ்வேறு கடற்கரைகளில் மனிதர்கள் ஒரே கணக்கைத் தனித்தனியே போட்டுப் பார்த்திருக்கலாம். கணித ஆய்வாளர்கள்தான் இப்போது இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கிறார்கள். வனுவாட்டு மணல் ஓவியத்தை 2003இல் யுனெஸ்கோ மனிதகுல மரபின் அரிய படைப்பாக அறிவித்தது.

அதே 2003இன் இறுதியில் எஃபாட்டே தீவின் தெயூமாவில் இறால் பண்ணைக்காக மண் அள்ளிக்கொண்டிருந்தபோது, புல்டோசர் புரட்டிய மண்ணில் புள்ளிக்கோலம் பதித்த பானை ஓடு ஒன்று கிடைத்தது. தூக்கி எறிந்திருக்கலாம். ஆனால் அது, மையத்தின் பழைய அகழாய்வுகளில் வேலை பார்த்திருந்த ஒருவரின் கைக்குப் போனது. அவருக்கு அது என்னவென்று தெரிந்திருந்தது. மையமும் ஆஸ்திரேலியத் தொல்லியலாளர்கள் மேத்யூ ஸ்ப்ரிக்ஸ், ஸ்டூவர்ட் பெட்ஃபோர்டு ஆகியோரும் 2004இல் தோண்டத் தொடங்கினார்கள். வெளிவந்தது 3,000 ஆண்டுப் பழமையான இடுகாடு. பசிபிக்கின் தொலைதூரத் தீவுகளில் முதன்முதலாகக் குடியேறிய லாபிட்டா மக்களுடையது. எலும்புக்கூடு எதற்கும் தலை இல்லை. புதைத்துச் சதை மக்கியபின் தலையைத் தனியே எடுத்திருக்கிறார்கள். ஒரு பானைக்குள் ஒரு மண்டையோடு. ஒருவரின் மார்பின்மேல் மூன்று.

2016இல் அந்த எலும்புகளின் மரபணு ஆய்வு வெளிவந்தது. முதல் குடிகளின் வேர் தைவான், பிலிப்பைன்ஸ் பக்கம் போனது. நியூ கினித் தீவுப்பகுதி மக்களின் கலப்பு அவர்களிடம் இல்லையென்றே சொல்லலாம். இன்றைய வனுவாட்டுக்காரர்களின் இரத்தத்தில் பெரும்பங்கு அந்த நியூ கினிப் பகுதியுடையது. அப்படியானால் முதலில் வந்தவர்களுக்குப் பின்னால் இன்னொரு பெரிய இடப்பெயர்வு நடந்திருக்கிறது. மக்கள் மாறியும் மொழி முதல் குடிகளுடையதாகவே நின்றிருக்கிறது. ஆய்வாளர்களை அதிகம் குடைவது இந்தக் கடைசி விஷயம்தான்.

ரெகென்வானு 2006 வரை இயக்குநராக இருந்தார். பன்றியும் பாயும் சேனையும் வெறும் சடங்குப் பொருளல்ல, பணமில்லாமல் வாழ வைக்கும் பொருளாதாரம் என்ற வாதத்தை மையம் அவர் காலத்தில்தான் பிடித்துக்கொண்டது. அரசு 2007ஐ மரபுப் பொருளாதார ஆண்டாக அறிவித்தது. 2008இல் அவர் தேர்தலில் நின்று நாடாளுமன்றம் போனார். நிலத்துறை அமைச்சராக 2013இல் கொண்டுவந்த சட்டங்கள், நிலம் யாருடையது என்ற வழக்கை நீதிமன்றத்திலிருந்து ‘நகமால்’ எனப்படும் ஊர் மன்றத்துக்குத் திருப்பின. களப்பணியாளர்கள் முப்பது ஆண்டாகச் சேர்த்த அறிவு சட்டப்புத்தகத்துக்குள் நுழைந்த இடம் அதுவென்று கொள்ளலாம். பருவநிலை மாற்றத்தில் நாடுகளின் பொறுப்பு என்ன என்று சர்வதேச நீதிமன்றத்திடம் கருத்துக் கேட்கும் முயற்சியில் வனுவாட்டு முன்னே நின்றபோது, அதன் குரலாக 2024 டிசம்பரில் தி ஹேக் நகரில் பேசியவரும் இவரே. 2025 ஜூலை 23 அன்று நீதிமன்றம் தன் கருத்தை வெளியிட்டது: பருவநிலையைக் காப்பது நாடுகளின் சட்டக் கடமை.

(அடுத்த இதழில்: 1863 முதல் குவீன்ஸ்லாந்துக் கரும்புத் தோட்டங்களுக்குக் கப்பலேற்றப்பட்ட தீவு மக்கள்.)